தொடக்கூடாத சுவர்

அத்தியாயம் 7

கைவிலங்கைப் பார்த்ததும் வடிவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. அது லேசில் நடக்கிற காரியமல்ல. சென்னையிலிருந்து பழைய ஹெரால்டு காரில் வரும்போது துப்பறியும் பஞ்சாட்சரத்தின் காது இரண்டும் தேயும்படி பேசிக்கொண்டு வந்தவள் அவள், அவருடைய உதவியாளர். அப்பேர்ப்பட்டவளே அருகன்தாங்கல் கோயில் வாசலில் கால் வைத்ததும் கப்சிப் என்றாகிவிட்டாள்.

வேப்பமரத்தடியில் கொத்தனார் கலீமுல்லா உட்கார்ந்திருந்தார். காலமெல்லாம் சுண்ணாம்பு குழைத்து வெளுத்துப்போன கைகள். அந்தக் கைகளைச் சேர்த்து விலங்கு பூட்டியிருந்தது. சுற்றிலும் ஊர் கூடி நின்றது. எறும்பை மிதித்துவிடக் கூடாதே என்று குனிந்து பார்த்து நடக்கிற சமண நயினார்மார் ஊர் அது. அவர்களில் நாலைந்து பேர் கையில் இன்றைக்குத் தடி இருந்தது. கோபம் வந்தால் மனுஷனுக்குத் தன் நெறிகூட மறந்துபோகிறது.

“பொழுது சாஞ்சா இவரை ஜீப்புல ஏத்திடுவேன், பஞ்சாட்சரம்” என்றார் இன்ஸ்பெக்டர் ராமலிங்கம். “அப்புறம் உங்க கெட்டிக்காரத்தனத்தை எல்லாம் கோர்ட்டுல காட்டிக்குங்க.”

பஞ்சாட்சரம் மேற்கே பார்த்தார். சூரியன் பனைமர உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அருகன்தாங்கல், மாகறலுக்குப் பக்கத்துக் கிராமம். அங்கே சமணர் கோயிலில் நேமிநாதருக்கு ஒரு பஞ்சலோகச் சிலை. முன்னொரு காலத்தில் அது வருஷா வருஷம் காஞ்சிபுரத்துக்குப் புறப்படும். மசூதித் தெரு வழியாகத்தான் போகும். எப்போதோ ஒரு கைகலப்பு. “இனி அந்தத் தெருவில் மேளமும் கூடாது, சாமியும் கூடாது” என்று வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவன் உத்தரவு போட்டான். போட்டவன் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தான். உத்தரவு மட்டும் போகவில்லை. சுதந்திரம் வந்து கொடி மாறிய பிறகும், அந்தத் தெருவும் இந்த ஊரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே காலத்தை ஓட்டின.

கல்லாய்க் கிடந்த அந்தப் பகையை நகர்த்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கோயில் தர்மகர்த்தா சந்திரநாதன். இடிந்துகொண்டிருந்த மண்டபத்துக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் தேடிக்கொண்டு மசூதித் தெருவுக்கே போனார். இன்னொருவர் அங்கே அவருக்குக் கிடைத்த கலீமுல்லா. வேலையோடு வேலையாக இரண்டு பேரும் இரண்டு பக்கத்தையும் பேசிப் பேசிக் கரைத்தார்கள். நாளைக் காலையில் நேமிநாதர் அந்தத் தெரு வழியாகப் புறப்படுவதாக முடிவாகியிருந்தது. முந்தாநாள் விடிந்து பார்த்தால் பீடம் காலி.

பூட்டு உடைபடவில்லை. மண்டபத்துச் சாவி புழங்கிய கைகள் மூன்றே மூன்று: தர்மகர்த்தா, கொத்தனார், மூன்றாவதாக வரதராஜன். இந்த வரதராஜன், பழங்கோயில்களைக் காப்பாற்ற வேண்டும் என்று சென்னையில் மேடைமேடையாகப் பேசுகிற பெரிய மனிதர். மண்டபத்து ஓவியங்களை ஆராய வந்து, தர்மகர்த்தா வீட்டு விருந்தாளியாகத் தங்கியிருந்தார். மூன்று பேரில் ஊர் யாரைப் பிடித்துக்கொண்டது என்று சொல்லவும் வேண்டுமா?

துப்பறியும் நிபுணரைக் கூப்பிட்டது போலீஸும் அல்ல, ஊரும் அல்ல. கலீமுல்லாவின் மகள் ஷஹர்பானு, தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிற பெண், நேற்று தனியாக பஸ் ஏறிச் சென்னைக்கு வந்தாள். “எங்கப்பா திருடினாரா இல்லியான்னு நீங்க கண்டுபுடிக்க வேணாம் சார். அது எனக்குத் தெரியும். எடுத்தது யாருன்னு மட்டும் சொல்லுங்க” என்றாள். துணி தைக்கக் கொடுத்தவர்கள் எல்லாரும் பாதி தைத்த துணியைக்கூடத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அதைச் சொல்லும்போதுகூட அவள் அழவில்லை. அழுதது வடிவுதான்.

“வா வடிவு. உள்ளே பாத்துடலாம்” என்றார் பஞ்சாட்சரம்.

செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். தர்மகர்த்தா சந்திரநாதன் மண்டபத்துத் தூணோடு தூணாக நின்றிருந்தார். நெடுநெடுவென்ற உருவம், இரண்டே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவர் மனைவி தயாவதி ஒரு கூஜாவோடு பக்கத்தில் நின்று, “பொழுது எறங்குது. இப்பவாவது ஒரு வாய் சாப்பிடுங்க. அப்புறம் நாளைக்குத்தான்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். இருட்டிவிட்டால் நயினார் வீட்டில் அடுப்புமில்லை, சாப்பாடுமில்லை. சந்திரநாதன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கூஜாவிலிருந்த மோரைத் தயாவதி வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

“வரணும், வரணும்!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பட்டு ஜிப்பா, தங்க ஃப்ரேம் கண்ணாடி, வலது கையில் சுற்றிய அங்கவஸ்திரம். வரதராஜன்தான். தயாவதி நீட்டிய டம்ளரை இடது கையால் வாங்கிக்கொண்டார். வடிவுக்குச் சுருக்கென்றது. கோயிலுக்குள் நின்றுகொண்டு, வீட்டு அம்மா கொடுக்கிற மோரை இடது கையால் வாங்குகிற பெரிய மனுஷனை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

“என்ன அநியாயம் பார்த்தீர்களா!” என்றார் வரதராஜன். “அந்தக் காலத்திலே நவாபு சிப்பாய்கள் இந்த மண்டபத்துச் சிற்பங்களின் மூக்கை உடைத்தார்கள். இந்தக் காலத்திலே அவர்கள் வாரிசு மூலவருக்குப் பக்கத்திலேயே கை வைத்துவிட்டான். சரித்திரம் திரும்புகிறது!”

“கலீமுல்லாவோட பாட்டன் கொத்தனாராச்சே. சிப்பாயின்னு யார் சொன்னது?” என்றார் பஞ்சாட்சரம் மெதுவாக.

வரதராஜன் மோரைக் குடிப்பதில் மும்முரமாகிவிட்டார்.

வடிவு அதற்குள் மண்டபத்து ஓரத்தில் கிடந்த மரப்பெட்டியைச் சுற்றி வந்தாள். புதுப் பலகை, உள்ளே வைக்கோல் மெத்தை. “இன்னா சார் இது? கல்யாணப் பொண்ணு சீர் பெட்டியாட்டம் கீது!”

“ஓவியப் பெட்டி அம்மா” என்றார் வரதராஜன். “அந்த வடக்குச் சுவரிலே மேல் பூச்சுக்கு அடியில் ஒரு புராதன ஓவியம் இருக்கிறது. இங்கேயே விட்டால் பாழாகும். அந்தத் துண்டை மட்டும் அப்படியே பெயர்த்து எடுத்து, சென்னையில் வைத்துப் பக்குவம் செய்யப் போகிறேன். நாளை விடியற்காலை லாரி வருகிறது.”

வடக்குச் சுவரின் குறுக்கே கயிறு கட்டி அட்டை தொங்கவிட்டிருந்தது: ‘புராதன ஓவியம். தொடாதீர்கள்.’

வடிவு பெட்டிக்குள் கையை விட்டாள். முழங்கை போய், தோள் வரைக்கும் போயிற்று. “ஓவியம்னா வரட்டி கனம்தானே இருக்கும்? எங்க வீட்டுத் தறிய மடிச்சி வெச்சாக்கூட இதுல அடங்கும் போலக்கீதே!”

பஞ்சாட்சரத்தின் புருவம் உயர்ந்தது. வடிவு வேடிக்கையாகச் சொன்னதில் பாதி அவருக்கு வேடிக்கையாகப் படுவதில்லை. அதனால்தான் அவள் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறாள். அவர் நேரே கயிற்றண்டை போய் நின்றார். புகை படிந்து பழுப்பேறிய சுவர். ஒரு மாடம் அளவுக்கு ஓரிடம் மட்டும் இன்னும் கொஞ்சம் கறுத்திருந்தது.

“இந்தக் கயிறு எப்பக் கட்டினது, சார்?”

“முந்தாநாள். ஊர் ஜனம் சிலையைத் தேடுகிறேன் என்று சுவரையெல்லாம் தட்ட ஆரம்பித்தார்கள். ஓவியத்தைக் காப்பாற்ற வேண்டாமா?”

“அப்ப ஊரே தேடினப்ப இந்தச் சுவரை மட்டும் யாரும் தொடலை.”

“தொடவிடுவேனா!”

“அம்மாடி!” என்று துள்ளினாள் வடிவு. கயிற்றுக்கு அடியில் வெறுங்காலோடு நின்றவள் ஒற்றைக் காலில் ஆடினாள். “எறும்பு சார்! கட்டெறும்பு! கால்ல குடித்தனமே வெச்சிட்டுது!”

“மிதிச்சிடாதம்மா!” என்று தூணை விட்டு ஓடி வந்தார் சந்திரநாதன். குனிந்து, மேல்துண்டின் நுனியால் எறும்புகளை மெல்ல ஒதுக்கினார். ஒதுக்கிக்கொண்டே வந்தவர் கை திடீரென்று நின்றது. சுவரின் அடியிலிருந்து எறும்புச் சாரை ஒன்று மேலே ஏறி, கறுத்த இடத்தின் விளிம்புக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்துபோயிற்று. எழுந்து மறுபடியும் தூணுக்கே போனார்.

இது வடிவுக்குப் புரியவில்லை. இந்த மனிதருக்கு என்னவோ தெரிந்திருக்கிறது, தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்று மட்டும் அவளுக்குப் பட்டது.

பஞ்சாட்சரம் வாசலுக்குக் குரல் கொடுத்தார். “இன்ஸ்பெக்டர்! பாயையும் அழைச்சிக்கிட்டு உள்ளே வாங்க. ஊர்க்காரங்களும் வரட்டும்.”

எல்லாரும் வந்து நிறைந்தார்கள். தடிக்காரர்களுக்கு முன்னால் ரிஷபதாஸ் நின்றான். கொழுந்துவிட்டு எரிகிற கோபக்காரன், ஊரில் பாதிப் பேருக்கு உறவு. பஞ்சாட்சரம் வரதராஜனிடம் பணிவாகக் கேட்டார்.

“சார், உங்க வாயால எல்லாருக்கும் சொல்லுங்க. இந்த இடத்துப் பூச்சுக்கு என்ன வயசிருக்கும்?”

“முந்நூறு வருஷத்துக்குக் குறையாது” என்றார் வரதராஜன், தொண்டையைச் செருமிக்கொண்டு. “என் அனுபவத்தில் சொல்கிறேன். விரல் பட்டாலே பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.”

“அப்படியா?” என்று சொல்லிக்கொண்டே பஞ்சாட்சரம் கயிற்றைத் தாண்டிக் கட்டைவிரலை அந்தக் கறுப்பில் வைத்து அழுத்தினார். விரல் பாதி உள்ளே போய்விட்டது.

“முந்நூறு வருஷமாக் காயவேயில்லியா! எங்க தெருவுல அடைமழையில நனைஞ்ச புடவைகூட ரெண்டு நாள்ல காஞ்சிடும்பா!” என்றாள் வடிவு. யாரும் சிரிக்கவில்லை.

ராமலிங்கம் லத்தியின் முனையால் குத்தினார். ஈரச் சுண்ணாம்பு அடையடையாகச் சரிந்தது. உள்ளே பழைய மாடம். மாடத்துக்குள் சாக்குத் துணி. சாக்கை விலக்கியதும் நேமிநாதரின் தோள் மினுக்கென்று தெரிந்தது.

தயாவதி கையெடுத்துக் கும்பிட்டு ஓவென்று அழுதாள். ஊர் முழுக்கக் குரல் கொடுத்தது. அந்தச் சந்தடியில் எல்லாரையும் முந்திக்கொண்டு பேசியவர் வரதராஜன்.

“பார்த்தீர்களா! என்னையே ஏமாற்றிவிட்டான்! புகை பூசிப் பழசாக்கி, என் கண்ணையே கட்டிவிட்டான்! சுண்ணாம்பு பூசத் தெரிந்தவன் இந்த ஊரிலே யார்? இவன் ஒருத்தன்தானே!”

கூட்டம் கொதித்தது. “புடிச்சிக் கட்டுங்கடா!” என்று ரிஷபதாஸ் தடியை ஓங்கினான். ராமலிங்கம் குறுக்கே பாய்ந்து தடியைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவர் பார்வையும் கலீமுல்லா மேல்தான் இருந்தது. “சாரி பஞ்சாட்சரம். சிலையைக் கண்டுபிடிச்சீங்க, நல்லது. ஆனா கேசை நீங்களே கட்டிக் குடுத்துட்டீங்க. கொத்தனார் வேலைதான் இது.”

வடிவு பஞ்சாட்சரத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஷஹர்பானுவிடம் என்ன சொல்வது? உன் அப்பாவைக் காப்பாற்ற வந்து நாங்களே குழி தோண்டிவிட்டோம் என்றா?

பஞ்சாட்சரம் கலங்கவில்லை. கீழே விழுந்திருந்த ஒரு சுண்ணாம்பு அடையை எடுத்து உடைத்தார். நடுவில் கரையாத வெல்லக் கட்டி ஒன்று, ஈரத்தில் இளகிப் பிசுபிசுத்தது. நாலு எறும்பு அதை மொய்த்துக்கொண்டிருந்தன. அதைக் கலீமுல்லாவிடம் நீட்டினார்.

“பாய், இது உங்க வேலையா?”

கலீமுல்லா அதைப் பார்த்தார். பிறகு தூணோரம் பார்த்தார். “நான் இல்லேன்னு சொன்னா இங்க யார் நம்புவாங்க சார்? சொல்ல வேண்டியவரு அங்க நின்னுக்கினு இருக்காரு. அவரு சொல்லட்டும்.”

எல்லாத் தலையும் திரும்பியது. பஞ்சாட்சரம் சந்திரநாதன் பக்கத்தில் போய், மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

“நயினார், காலையிலேர்ந்து நீங்க சாப்பிடலை. பசியில்லையா, இல்ல தொண்டையில எதாவது சிக்கிக்கிட்டிருக்கா? எறும்பைப் பாத்ததும் உங்க முகம் ஏன் அப்படிப் போச்சு?”

சந்திரநாதன் ரிஷபதாஸைப் பார்த்தார். ரிஷபதாஸ் கண்ணாலேயே மிரட்டினான். மண்டபத்துக்குள் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. “ஐயா, பொழுது” என்றார் ராமலிங்கம்.

“வெல்லம் போடக் கூடாதுன்னு கேட்டுக்கினது நான்தான்” என்றார் சந்திரநாதன். “சுண்ணாம்புக்கு வெல்லத்தண்ணி விடறது எல்லா ஊருலயும் வழக்கம். ஆனா வெல்லத்துக்கு எறும்பு வரும், சுண்ணாம்புல ஒட்டிக்கினு சாகும். பகவான் சன்னதியில அந்தப் பாவம் வேணாம் பாய்னு கேட்டேன். அவரு ஒரு வார்த்த மறுத்துப் பேசல. வெறும் கடுக்காத் தண்ணியிலயே ஊறவெச்சி, ரெண்டு பங்கு நாள் எடுத்துக்கினு இந்த மண்டபம் பூராத்தையும் பூசினாரு. அவரு கை வெச்ச எடத்துல ஒரு எறும்பக் காட்டுங்க பாப்போம்.”

“இதை முந்தாநாளே சொல்லியிருக்கலாமே!” என்று வெடித்தாள் வடிவு.

“முந்தாநாள் இந்தச் சுவரத் தொடலியேம்மா, எறும்பு எனக்கு எப்படித் தெரியும்? ஆனா பாய் நல்லவர்னு தெரியும். அதக்கூட நான் சொல்லல.” அவர் தலை குனிந்தது. “பாய்க்குப் பரிஞ்சு பேசறவன் வூட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்னாங்க ரிஷபதாஸ் வூட்ல. எம்பொண்ணு இந்திராவுக்கு அங்கதான் நிச்சயம் பண்ணியிருக்குது. கொஞ்ச முன்னாடி எறும்பப் பாத்தப்பவும் வாயடைச்சி நின்னேன். நான் கோழை.”

பஞ்சாட்சரம் திரும்பினார். “சாவி மூணு பேர்கிட்ட. வெல்லம் ஆகாதுன்னு தெரிஞ்சவங்க அதுல ரெண்டு பேர். கேட்டவர் ஒருத்தர், கேட்டபடி செஞ்சவர் ஒருத்தர். அவங்களுக்குள்ள இருந்த பேச்சு அது. மூணாமவருக்குத் தெரியாது. அவர் எல்லா ஊர் வழக்கத்தையும் நம்பி வெல்லத்தைப் போட்டுட்டார். கயிறு கட்டினார், பெட்டி செஞ்சார், நாளைக்கு ஊரே கும்பிட்டு வழியனுப்ப லாரியில ஏத்தியிருப்பார். சிலை போன பழி மசூதித் தெருவோட போயிடும். பாதுகாக்கிறேன்னு ஒரு அட்டை மாட்டினா யாரும் தொட மாட்டாங்கன்னு அவருக்கு நல்லாத் தெரியும்.”

“அபத்தம்!” என்று கத்தினார் வரதராஜன். “சாட்சி எங்கே?”

“இடது கையால மோர் வாங்கினீங்களே சார், அப்பவே எனக்கு ஆவல” என்றாள் வடிவு. “அந்த அங்கவஸ்திரத்த அவுத்துக் காட்டுங்க. கோயிலுக்குள்ள வலது கைக்கு மட்டும் இன்னாத்துக்குக் குளுருது?”

வரதராஜன் பின்வாங்கினார். ராமலிங்கம் விடவில்லை. அங்கவஸ்திரம் கீழே விழுந்தது. விரல் நுனியெல்லாம் வெந்து கொப்புளித்துச் சிவந்திருந்தது. பழக்கமில்லாத கை பச்சைச் சுண்ணாம்பைப் பிசைந்தால் அப்படித்தான் ஆகும்.

“வெத்தலைக்கு வெக்கற சுண்ணாம்பு கூடிப்போனாலே நாக்கு வெந்துடும். சாரு கையாலயே தாம்பூலம் போட்டுட்டாரு” என்றாள் வடிவு.

கலீமுல்லாவின் கையிலிருந்து விலங்கு கழன்று வேறு கைக்குப் போயிற்று. வெளிநாட்டு வாங்குபவன், சென்னைத் தரகன் என்று வரதராஜன் ஏதேதோ உளறிக்கொண்டே ஜீப்பில் ஏறினார். அதைக் கேட்க இங்கே யாருக்கும் பொறுமையில்லை. ரிஷபதாஸ் தடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூணுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு நின்றான்.

சந்திரநாதன் கலீமுல்லாவின் முன்னால் வந்தார். கை இரண்டையும் கூப்பினார். “மன்னிச்சிடுங்க பாய்.”

கலீமுல்லா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். கோபமிருந்தது, மறைக்கவில்லை. “எங்க தெரு ஆளு யாருமில்லாத மண்டபத்துல எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது நயினாரே? ரெண்டு நாளா எம்பொண்ணு திருடன் மவள்னு பேர் வாங்கிக்கினு இருக்குது. என்னை விலங்கோட கூட்டிக்கினு வந்தது எங்க தெரு நடுவுல. சொல்றதுன்னா அங்க வந்து சொல்லுங்க.”

தயாவதி கூஜாவை நீட்டினாள். மேற்கே ஒரு கீற்று வெளிச்சம்தான் பாக்கி. இப்போது சாப்பிடாவிட்டால் ராத்திரி முழுக்கப் பட்டினி. சந்திரநாதன் கூஜாவைப் பார்க்காமல் நடந்தார். பஞ்சாட்சரம் கார் கதவைத் திறந்துவிட்டார்.

மசூதித் தெருவில் விளக்கேற்றும் நேரம். தொழுகை முடிந்து வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். சிலை போன பிறகு அருகன்தாங்கல் தர்மகர்த்தா அந்தத் தெருவில் கால் வைப்பார் என்று யார் நினைத்தார்கள்! தையல் மிஷின் இருக்கிற வீட்டுக் கதவு திறந்தது. அப்பாவின் கையில் விலங்கில்லை என்று பார்த்ததும் ஷஹர்பானுவின் உதடு துடித்தது. ஆனால் அவள் ஓடி வரவில்லை. அப்பாவோடு வந்திருக்கிற ஆளைப் பார்த்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றாள்.

“உங்கப்பா குத்தமத்தவரும்மா” என்றார் சந்திரநாதன் தாழ்ந்த குரலில். “சிலைய எடுத்தவன் வேற ஆளு, என் வூட்டுல சாப்பிட்ட ஆளு. உங்கப்பா மேல தப்பில்லைன்னு எனக்கு மனசுக்குத் தெரியும். தெரிஞ்சும் பயந்துக்கினு வாய மூடிக்கினு நின்னேன். நாளைக்குச் சாமி இந்தப் பக்கம் வரட்டுமான்னு கேக்க எனக்கு மொகமில்ல.”

ஷஹர்பானு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போன வீடுகளின் ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன.

“சாமி வர்றதப் பத்தி அப்புறம் பெரியவங்க பேசிக்கட்டும்” என்றாள். “இப்பச் சொன்னத இன்னொரு தபா சொல்லுங்க. தெருக்கோடி வரைக்கும் கேக்கல.”

சந்திரநாதன் நிமிர்ந்தார். காலையிலிருந்து பட்டினி கிடந்த உடம்பு. குரல் எங்கிருந்து வந்ததோ, தெருவே அதிர்ந்தது. “கலீமுல்லா குத்தமத்தவரு! தெரிஞ்சும் பேசாம இருந்தது நான்! அருகன்தாங்கல் சந்திரநாதன்!”

ஒரு ஜன்னல் திறந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஷஹர்பானு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்பாவின் தோளில் சாய்ந்தாள்.

சந்திரநாதன் அவளைப் பார்த்தார். பிறகு யாரும் கேட்காமலே, தெருவின் அந்தக் கோடிக்கு நடந்து போய், மூன்றாம் தரமும் சொன்னார்.